பன்னிரண்டுக்கு நாலு குறைவு

என் மனைவி போலீஸ்காரி. நான் முடி திருத்துகிறவன். "நம்ம வீட்டுல கத்தி வெச்சிருக்கறவர் நீங்கதான், என் கையில இருக்கறது வெறும் லத்தி" என்று அவள் அடிக்கடி கிண்டல் செய்வாள்.

கடற்கரைத் தெருவில், விடுதிகளுக்கு நடுவே என் கடை. நாற்காலியில் சாய்ந்துவிட்டால் மனிதர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அன்று விடுதி முதலாளிகள் சங்கத் தலைவருக்குச் சவரம்.

"இடைத்தேர்தல் வருதுப்பா. குடும்பத்தோட வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க, அந்தப் பொம்பளைங்களை அப்புறப்படுத்துங்கன்னு மந்திரி வரைக்கும் மனு குடுத்தாச்சு," என்றார்.

அந்தப் பெண்களுக்கு மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடுவதே அவருடைய விடுதிதான். கோபம் வந்தது. கையில் கத்தி இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மந்திரி அலுவலகம் எத்தனை பேரைப் பிடிப்பீர்கள் என்று கேட்க, என் மனைவியின் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒரு வேகத்தில் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார். ஆனால் சோதனைக்கு முந்தின நாளே காவல் நிலையத்திலிருந்து விடுதிகளுக்குத் தகவல் போய்விடுவது எங்கள் தெருவின் நீண்ட நாள் ஏற்பாடு. வழக்கம்போல அந்த முறையும் போனது. பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். அகப்பட்டது எட்டே பேர்.

மறுநாள் காலை கடையில் பேப்பரைப் பிரித்தேன். சால்வையால் முகத்தை மூடிய பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவளின் பாதத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இருபது வருஷமாக என் வீட்டில் நடமாடும் கால் எனக்குத் தெரியாதா?

சோப்பு நுரையோடு ஒருவரை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர்ல நீ நிக்கிறியே?"

"நான் மட்டுமில்லைங்க, ஸ்டேஷன்ல இருக்கற லேடி போலீஸ் நாலு பேரும்தான். எட்டைப் பன்னெண்டாக்கணுமாம். இன்ஸ்பெக்டர் சேலையைக் கட்டச் சொல்லி, சால்வையைப் போத்தி நிறுத்திட்டாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஃபைல்லயும் பன்னெண்டுன்னே எழுதிட்டாங்க. மூணு மணிக்கு கோர்ட்டு. அதுக்குள்ள நாலு பேரைக் கூட்டிட்டு வான்னு பழைய லிஸ்டை எங்கிட்ட குடுத்திருக்காரு. முதல் பேரே உங்க கடைக்கு எதிர்ல சிப்பி மாலை விக்கிறாளே, அவதான்."

சிப்பிக்காரி அந்தத் தொழிலை விட்டு மூன்று வருஷமாகிறது. காவல் நிலையப் பட்டியலில் ஏறிய பெயர் லேசில் இறங்காது. பிடித்துக்கொண்டு போனால் ஆறு மாதம் காப்பகம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வேறு நாதியில்லை. எதிரே அவள் யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் விரலை மடக்கி மடக்கி விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன பண்ணப் போற?"

"பார்க்கலாம்," என்று வைத்துவிட்டாள். அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இரண்டரைக்கே கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடினேன். எட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிப்பிக்காரி இல்லை. எட்டாவது பெண்ணுக்குப் பக்கத்தில், விறைப்பான சீருடையில், என் மனைவியும் மற்ற மூன்று பேரும்.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பன்னெண்டு பேர்னு இருக்கு, எட்டுதானே நிக்கிறாங்க? நீங்க ஏன் வரிசையில நிக்கிறீங்க?"

என் மனைவி சல்யூட் அடித்தாள். "நாங்களும் சேர்ந்தாத்தாம்மா பன்னெண்டு. பேப்பர்ல நிக்கிறது நாங்கதான்."

பேப்பரை நீட்டினாள். வக்கீல்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. இன்ஸ்பெக்டர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. மாஜிஸ்திரேட் ஃபைலைக் கடைசிவரை புரட்டினார்.

"ரூம் குடுத்தவங்க பேரு ஒண்ணுகூட இல்லையே. அவங்களை யாரு பிடிக்கிறது?"

எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டரை மட்டும் இருக்கச் சொன்னார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. நீதிமன்றம் என்பதால் தொடையைத் தட்டிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் என் மனைவிக்கு மாற்றல் வந்தது. போக்குவரத்துப் பிரிவு, மொட்டை வெயில், முச்சந்தி. முகம் கறுத்து வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "மேலதிகாரி சொன்னதைச் செய்யலைன்னா இப்படித்தான்," என்றேன்.

செம்பைக் கீழே வைத்தாள்.

"யாரு செய்யலை? நாலு பேரைக் கூட்டிட்டு வான்னாரு. கூட்டிட்டுத்தானே போனேன்."