பயிற்றுநருக்கு உறவில்லாதவர்கள் மட்டும்

1. கோடையில் டென்மார்க்கின் வைலே நகரில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியில் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் அணி நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது.

2. அணியின் தலைமைப் பயிற்றுநர் என் அப்பா.

3. அவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம், இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தேவாலயப் பூசைக்குப் பிறகு, பிராண்டேயில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. வழக்கமான மண்டபம் கிடைக்கவில்லை. கதிரைகளை வரிசையாக வைத்தவர் அப்பா.

4. பயிற்றுநருக்கு உறவானவர்கள் அவரைப் பற்றிய வாக்கெடுப்பில் இருக்கக்கூடாது என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் யாப்பில் ஒரு விதி உண்டு. அதன்படி எல்லோரும் வெளியே போனார்கள்.

5. வாக்குரிமையோடு உள்ளே மிஞ்சியவர் ஒருவர்தான். எங்கள் கோல் காப்பாளர், கோயம்புத்தூர்க்காரர்.

6. அவரும் நானும் திருமணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தோம். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

எங்கள் கல்லூரி என்று எழுதிவிட்டேன். அது யாழ்ப்பாணத்தில் ஆண்கள் மட்டும் படிக்கும் பாடசாலை. நான் டென்மார்க்கில் பிறந்தவள், அதன் வாசலைக்கூடக் கண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை. இங்கே யூலாந்துப் பகுதியில் இருக்கும் அதன் பழைய மாணவர்கள் ஒவ்வொரு கோடையிலும் மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர்களோடு ஆடுகிறார்கள். ஆடுவதற்குப் பதினொரு பேரைச் சேர்ப்பது கடினம். ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பதற்கு ஆள் குறைவதில்லை.

எதிர்பார்ப்பு எப்போதும் கிண்ணம்தான். பாடசாலை நாட்களில் கிண்ணம் வென்ற அதே ஆட்கள்தானே இப்போதும் ஆடுகிறார்கள், ஆகவே பெறுபேறும் அதேயாக இருக்க வேண்டும் என்பது வாதம். அதற்கிடையில் போன முழங்கால்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆட்கள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது, எனவே பிழை பயிற்றுநரிடம்.

தீர்மானத்தை எழுதியவர் விபோர்க்கில் இருக்கும் சித்தப்பா, அம்மாவின் தங்கையின் கணவர். கல்லூரியில் அவர் சதுரங்க அணியில் இருந்தவர். அப்பா மீது மூன்று குற்றச்சாட்டுகளை வைத்திருந்தார். முதலாவது, ஓட முடியாதவர்களிடம் பந்தைக் குறுந்தூரமாகக் கொடுத்து ஓடி ஓடி ஆடச் சொன்னது. இரண்டாவது, ஆட்டத்துக்கு முன் எண்ணெயில் பொரித்த பற்றிஸ் சாப்பிடக்கூடாது என்று தடை விதித்தது. மூன்றாவதுதான் கனமானது. வைலேயில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். நடுவரும் கொடுத்துவிட்டார். அப்பா கோட்டோரத்திலிருந்து உள்ளே நடந்து போய், பந்து எங்கள் ஆளின் கையில் பட்டது என்று நடுவரிடம் சொல்லி, அதை நீக்க வைத்தார். கோல் போட்டவர் சங்கத் தலைவர், அம்மாவின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. பந்து தோளில் பட்டது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அப்பாவுக்கு அந்தப் பதவி என்னவென்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் அவர் காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து மெருகூட்டுபவர். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்ல அங்கே பலர் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலைகளில் மட்டும் அவர் சொல்ல மற்றவர்கள் ஓடினார்கள், அல்லது நடந்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் கதிரைகளைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"கிண்ணம் எனக்கு வேண்டாம் பிள்ளை. இந்த விசிலை மட்டும் என்னட்ட விட்டால் காணும்."

விசில் அப்போதும் அவர் கழுத்தில் தொங்கியது.

அவருடைய திறமையில் எனக்கும் ஓர் அக்கறை இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் என்னோடு வேலை செய்பவர். நான் இறக்கைகளின் அதிர்வை அளக்கிறேன், அவர் அந்த அளவுகளை வாங்கிக் கணினியில் ஓட்டுகிறார். வேற்று நாட்டுக்காரர், வேற்று மதத்தவர், கல்லூரியும் வேறு. முதல் இரண்டையும் அப்பாவிடம் சொல்ல நல்ல நாள் ஒன்று வேண்டும் என்று அம்மா கருதினா. அணி வென்ற அன்று சொல்லுவம், அந்த மனுசன் அண்டைக்கு எதையும் ஓம் எண்டுவார் என்றா. அணி வெல்லவில்லை. அடுத்த கோடையிலும் வெல்லவில்லை. என் திருமணம் அப்பாவின் ஆட்ட முறையில் தங்கியிருந்தது.

கல்லூரி என்ற மூன்றாவது தடையை மட்டும் நான் முன்பே நீக்கியிருந்தேன். பழைய கோல் காப்பாளர் முதுகு நோவால் விலகியபோது, உயரமான ஒருவரைத் தெரியும் என்று அப்பாவிடம் சொன்னேன். வந்தவர் கைப்பந்து ஆடியவர், உதைபந்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர். சங்கம் அவரைக் கௌரவ பழைய மாணவர் ஆக்கி, வாக்குரிமையும் கொடுத்தது. தான் பார்க்காத கல்லூரியின் கீதத்தை அவர் மனப்பாடம் செய்து, மற்றவர்கள் மறந்துபோன இரண்டாம் பகுதியையும் பாடினார்.

உறவு விதி இந்தக் கூட்டத்துக்கு முந்திய ஆண்டில் வந்தது. பெரிய மாமா அப்பாவை எப்போதும் காப்பாற்றுகிறார் என்று சித்தப்பா கொண்டுவந்தது. டேனிஷ் சங்கங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. சம்பந்தப்பட்டவரை இன்ஹபில் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். தட்டச்சுச் செய்யும் வேலை எனக்கு வந்தது. உறவு என்றால் எது என்று வரையறுக்காமல் விதி எழுத முடியாது என்றேன். பிறப்பாலும், ஞானஸ்நானத்தாலும், திருமணத்தாலும் என்று சித்தப்பா சொன்னார். பிறகு யாரோ ஒருவரின் மகனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது நினைவு வந்து, நிச்சயமான திருமணத்தையும் போடச் சொன்னார். போட்டேன்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஒரு டேனிஷ்காரரை அழைப்பது வழக்கம். முதலில் வந்த எங்கள் ஆட்களுக்கு மொழி படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கும் உறவில்லை, அந்த இரண்டும்தான் தகுதி. நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துக் கூட்டக் குறிப்பும் எழுதுவேன். மகள் என்பதால் நானும் போக வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். வாக்கில்லாதவர் கதிரை மாதிரி, இருக்கலாம் என்றார்.

அப்பா முதலில் எழுந்து, பக்கத்தில் கார் நிறுத்தும் திறந்த கொட்டகையான கார்போர்ட்டுக்குப் போனார். அடுத்துப் பெரிய மாமா போனார். சித்தப்பா நிறைவோடு கால் மேல் கால் போட்டார். வேறு யாரும் உறவுண்டா என்று ஆசிரியர் கேட்டார். பின்வரிசையில் ஒருவர், சித்தப்பா பயிற்றுநருக்குச் சகலன் அல்லவா என்றார்.

"நான் அவருக்கு எதிரான உறவு," என்றார் சித்தப்பா. "விதி ஆதரவான உறவுக்கல்லோ."

மொழிபெயர்த்தேன். ஆசிரியர் யாப்பை எடுத்து அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்தார். உறவின் திசை அதில் குறிப்பிடப்படவில்லை என்றார்.

சித்தப்பா எழுந்தார். தனியாகப் போக அவருக்கு மனமில்லை. பின்வரிசைக்காரரின் மகனுக்கு ஞானத்தகப்பன் யார் என்று கேட்டார். அப்பாதான். பின்வரிசைக்காரர் போகும்போது தன் தம்பியை இழுத்துக்கொண்டு போனார். தம்பியின் மனைவி அப்பாவின் பெரியம்மா வழி. பிராண்டேயில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் அப்பா, மற்றப் பாதி எங்களுக்குப் பிறப்பால் சொந்தம். உறவேயில்லாத சிலர் கொப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். அவர்கள் பாலம் கடந்து கூட்டத்துக்கு வருவதில்லை.

வெளியே மழை. வந்தவர்கள் நனையக்கூடாது என்று அப்பா காரைத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் நனைந்து திரும்பி வந்தார். பொரித்த புகை போவதற்காகக் கார்போர்ட்டைப் பார்த்த வரவேற்பறை யன்னல் திறந்திருந்தது. அம்மா பற்றிஸ் தட்டுகளை அதன் வழியே வெளியே கொடுத்தா. இப்படியாக விவாதம் முழுவதும் கார்போர்ட்டுக்குப் போய்விட்டது. அங்கே கூட்டம் இல்லாததால் குற்றம் சாட்டப்பட்டவரும் கலந்துகொள்ளலாம். எங்கள் இரண்டு கார்களின் குளிர்கால ரயர்கள் எட்டும், கொமூன், அதாவது நகரசபை, தந்த குப்பைத்தொட்டிகள் மூன்றும் அங்கே இருந்தன. அப்பா அவற்றை நிலத்தில் பரப்பி அணியை நிறுத்தினார். கடதாசித் தொட்டி கோல் காப்பாளர். சித்தப்பா ஒரு ரயரை முன்னுக்கு உருட்டினார், அப்பா அதைப் பின்னுக்கு உருட்டினார்.

உள்ளே நாங்கள் மூன்று பேர். ஆசிரியர் வாக்குச்சீட்டு ஒன்றை எடுத்தார். தொடரட்டும், நீக்குக என்று டேனிஷில் இரண்டு கட்டங்கள். அதை மூலையில் தட்டோடு இருந்த கோயம்புத்தூர்க்காரரிடம் நீட்டினார். அந்த நான்கு கோலையும் விட்டவர் அவரே என்பது வாக்குக்குத் தடையில்லையா என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் விதியில் உறவு மட்டும்தான் இருந்தது.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுலங்க டிக் பண்றது?"

அவர் என்ன சொல்கிறார் என்று ஆசிரியர் கேட்டார். மொழிபெயர்த்தேன். பயிற்றுநரின் மகளிடம் ஏன் அதைக் கேட்கிறார் என்று அடுத்ததாகக் கேட்டார்.

அவருக்கு டேனிஷ் வாசிப்பது கடினம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. ஒரே ஒரு கோடு விழுந்தால் விசில் அப்பாவின் கழுத்திலேயே இருக்கும். ஆனால் வசந்தத்தில் திருமணம் தெரியவந்ததும், மகளைக் கொடுத்து வாக்கை எடுத்தார் என்று சித்தப்பா விபோர்க்கிலிருந்து வைலே வரை சொல்வார். அப்பா அன்றே விசிலைக் கழற்றிவிடுவார். யன்னலுக்கு வெளியே மூன்றாவது குற்றச்சாட்டு போய்க்கொண்டிருந்தது.

"றெஃபறி காணேல்லைத்தானே அண்ணை," என்றார் சித்தப்பா. "கோச் எண்டால் காணாத மாதிரி நிக்கத் தெரியவேணும்."

"கண்டிட்டு எப்பிடித் தம்பி நிக்கிறது?" என்றார் அப்பா.

"கையில படேல்லை, தோளில பட்டது," என்றார் பெரிய மாமா.

"உங்கட தோள் விரல் வரைக்கும் வருதோ?" என்றார் அப்பா.

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அம்மா கரண்டியோடு வாசலில் நின்றா. "சொல்லுறதெண்டால் கெதியாச் சொல்லு, எண்ணெய் காயுது," என்றா.

இவரும் இன்ஹபில் என்று ஆசிரியரிடம் சொன்னேன். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டார். நான்காவது, நிச்சயமான திருமணம் என்றேன். அவர் என்னோடு கை குலுக்கினார், கோயம்புத்தூர்க்காரரோடு கை குலுக்கினார், பிறகு சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதவைக் காட்டினார்.

கோயம்புத்தூர்க்காரர் தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"என்ன தம்பி, போட்டு முடிஞ்சுதோ?" என்று பெரிய மாமா கேட்டார்.

"இல்லைங்க அங்கிள். என்னையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. நானும் உறவுங்களாம்."

"ஆருக்கு?"

அவர் கடதாசித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைக் காட்டினார்.

அங்கே நின்ற எல்லோருக்கும் விதி தெரியும். பிறப்பால் இல்லை, கோயம்புத்தூர். ஞானஸ்நானத்தாலும் இல்லை. மிச்சம் ஒரு வழிதான். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எல்லோரும் அதற்கு வந்துசேர்ந்து, யன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தொட்டியை மெதுவாக விட்டார்.

"அப்ப உள்ளுக்க வாக்குப் போட ஆர் இருக்கினம்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அப்பா."

அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்தார். குசினிக்குள் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா பற்றிஸைத் திருப்பிப் போட்டா. பிறகு அவர் கோயம்புத்தூர்க்காரரிடம் திரும்பினார்.

"கலியாணத்தைச் சாப்பிட்டிட்டுக் கதைப்பம். அந்த நாலாவது கோலுக்கு ஏன் கோட்டை விட்டு வெளியில வந்தனீர்?"

"பந்து இந்தப் பக்கம் வரும்னு நெனச்சேங்க."

"நினைக்கிறது என்ர வேலை. நீர் நிக்கவேணும்."

"மருமோனைக் கோலுக்கு விட்டிருக்கிறியள் அண்ணை," என்றார் சித்தப்பா. "இது நாலாவது குற்றச்சாட்டு."

"எனக்கு இப்பத்தான் தெரியும்."

"கோச்சுக்குத் தெரியாதெண்டால் அது அஞ்சாவது."

ஆசிரியர் யன்னலால் தலையை நீட்டித் தீர்ப்பைச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். வாக்களிக்கத் தகுதியுள்ளவர் எவரும் சமுகமளிக்காததால் தீர்மானம் முடிவு செய்யப்படவில்லை. முடிவு செய்யப்படும் வரை இருப்பவர் இருப்பார். எல்லோரும் உள்ளே வந்து சாப்பிடலாம்.

சாப்பிட்ட பிறகு அப்பா என் திருமணத்தைப் பற்றிக் கதைத்தார். அது எங்கள் மூவருக்கும் இடையில் நடந்தது, குறிப்பு எழுதவில்லை. மதத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வெல்லும் வரை காத்திருந்தோம் என்று அம்மா சொன்னபோது, அவர் கழுத்து விசிலை விரலால் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த அணியை வைத்துக்கொண்டு அப்படி நினைத்திருக்கக்கூடாது என்றார்.

இப்போதைய நிலை இது. அப்பா தலைமைப் பயிற்றுநராக இருக்கிறார். தீர்மானம் நிலுவையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள உறவில்லாத உறுப்பினர் ஒருவர் வேண்டும். சித்தப்பா வைலேக்குப் புதிதாக வந்த ஒருவரைக் கண்டுபிடித்தார், ஆனால் சித்தியும் அம்மாவும் சித்தப்பாவின் மூத்த மகளை மனத்தில் வைத்து அவரை ஏற்கெனவே மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மருமகனுக்குச் சலுகை என்ற பேச்சு வரக்கூடாது என்று அப்பா கோயம்புத்தூர்க்காரரை மாற்று ஆட்டக்காரர் ஆக்கிவிட்டார். சித்தப்பாவுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால், கோலுக்கு இப்போது சித்தப்பா நிற்கிறார். எங்கள் திருமணம் வசந்தத்தில், கொமூன் மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை, காலைப் பயிற்சி முடிந்த பிறகு.