மேற்குப் பாத்திக் கீரை

வயலிலிருந்து கீரையும் மண்ணும் எடுத்துப்போய் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் எங்களை, முடிவோடு திரும்பிப் போகும்வரை விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள். கையில் தாளோடு அடுத்தவர் வாசலில் நின்ற எவருக்கும் இது புரியும்.

அலசிய கட்டு

விக்கிரவாண்டிக்கு உள்ளே தள்ளி ஆரோக்கியமேரியின் சிறுகீரைத் தோட்டம். அதன் மேற்கு வரப்பை ஒட்டி, பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்த கொட்டகை பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கத்துப் பாத்தியில் நான் பிடுங்கி வைத்த கீரையை, குறிப்பு எழுதி நிமிர்வதற்குள் பம்புசெட் தொட்டியில் அலசிக் கட்டி நீட்டினார். மண்ணோடுதான் வேண்டும், லேபில் நாங்களே முறையாக அலசிக்கொள்வோம் என்று வேறு பிடுங்கினேன். அலசிய கட்டை என் வண்டிப் பையில் திணித்தார்.

"சேத்தோட குடுத்தனுப்புனா, மேரி வூட்ல தண்ணிக்குப் பஞ்சமான்னு கேக்க மாட்டாங்களா சார்?"

பிளாஸ்டிக் கரண்டி

மண் எடுக்க இரும்பு மண்வெட்டி ஆகாது. அதிலிருந்து வேறு உலோகம் ஒட்டினால் அளவு கெட்டுவிடும். பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஸ்டெல்லா நிழலில் நின்று பார்த்தாள். ஏழு மாதம். ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து தினமும் கீரை. மேற்குப் பாத்தியில்தான் இலை அகலமாக வருகிறதாம்.

"எம்மா, இவரு தோண்டி முடிக்கறதுக்குள்ள எம்புள்ள பொறந்து மம்பட்டி புடிச்சிடும்."

மூன்று தண்ணீர்

மூன்று வாரம் கழித்து, திண்டிவனத்திலிருக்கும் எங்கள் லேபில் முடிவு வந்தது. மேற்குப் பாத்திக் கீரையில் ஈயம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நானே போனேன். அதைத் தின்னவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், தாயின் ரத்தத்திலிருந்து ஈயம் பிள்ளைக்கும் போகும், டாக்டரிடம் தாளைக் காட்டி ஸ்டெல்லாவின் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

மூன்று தண்ணீர் அலசித்தானே ஆக்கினேன் என்றார் ஆரோக்கியமேரி. அலசினால் ஒட்டிய மண் போகும், வேர் வழியாக இலைக்குள் ஏறியது போகாது என்றேன். ஸ்டெல்லா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தாளையே பார்த்தாள்.

"இதுவரைக்கும் துன்னது இன்னா ஆவும் சார்?"

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

வண்டிப் பை

நான் வந்து இறங்கியதுமே, சேதி தெரியுமுன், போன முறை போலவே ஒரு கீரைக்கட்டை என் வண்டிப் பையில் வைத்திருந்தார் போல. கிளம்பும்போது ஓடிவந்து, பைக்குள் கைவிட்டு அதை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் சார், குடுங்க அத. உங்க வூட்லயும் கொழந்தைங்க இருக்கும்."

தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

லேபுக்குப் போன கீரையில் என்ன இருக்கிறது என்று தெரிய மூன்று வாரம் காத்திருந்த நான், அதே பாத்தியிலிருந்து வீட்டுக்குப் போன அந்த அலசிய கட்டை முதல் நாளே கடைந்து சாப்பிட்டிருந்தேன்.