முடிச்சு அக்காவும் பேரில்லாத பட்டனும்

அந்தக் கம்பெனியில் ஒரு கிழவர் செத்தால் சொந்தக்காரர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறாராம் என்று, வரவேற்பில் உட்காரும் பெண்ணிடம் அவளுடைய நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்குச் சொன்னது யாரோ. லிஃப்டில் இதைக் கேட்ட முடிச்சு அக்கா, "போற வழியில பேச்சுத் துணைக்காக இருக்கும்" என்று சிரித்துவிட்டு இறங்கினாள்.

தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள அவசரப் பட்டன் கொடுக்கும் கம்பெனி அது. பட்டனை அழுத்தினால் உறவுக்காரர்களின் போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறும். யாருக்கு யார் உறவென்று கம்ப்யூட்டருக்குப் புரியவைத்த புரோகிராமர் அக்காதான். "ஒரு அப்பாவுக்கு நாலு பிள்ளைங்க. அதுல ஒருத்திக்கு மாமியாரும் உண்டு, பெரியம்மாவும் உண்டு. யாரை யாருக்குள்ள வைப்பே? நடுவுல தனியா ஒரு டேபிள், உறவுகளோட பட்டியல், போடு. அதுல ஒவ்வொரு வரியும் ஒரு முடிச்சு. இந்த நுனியில ஒரு பெரியவர், அந்த நுனியில ஒரு சொந்தம்." புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடல் தாண்டி இருக்கும் அவள் அம்மாவின் கழுத்திலும் ஒரு பட்டன் தொங்கியது. "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்குடி" என்பாள் அம்மா. ஆனாலும் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். அவளுடைய முடிச்சின் மறுநுனியில் அக்காவைத் தவிர வேறு ஆள் கிடையாது.

மதியம், போன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வந்து நின்றான். தலை நரைத்த தம்பி.

"அக்கா, ஒரு அம்மா கூப்பிட்டாங்க. அவங்க அப்பா விழுந்து கெடந்து பட்டனை அழுத்தியிருக்காரு. அவங்களுக்குப் போனே வரலையாம். தேடினேன். அப்பா பேரும் இல்ல, அவங்க பேரும் இல்ல. பொறக்கவே இல்லாத மாதிரி இருக்கு."

"தப்பா அடிச்சுத் தேடியிருப்பே."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. இந்த வாரம் இப்படி இன்னும் சில பேர்."

அந்த வாரம்தான் புது மேனேஜர் இறந்துபோனவர்களைக் கம்ப்யூட்டர் பதிவிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தார். அதற்கு முன் யாரையும் நீக்கியதில்லை. அக்கா தான் எழுதிய புரோகிராமைத் திறந்தாள். ஒருவரை நீக்கினால் அவரோடு சேர்ந்ததையும் நீக்கு என்று ஒரு வரி. முடிச்சு அவிழட்டும் என்று நினைத்து எழுதியது. ஆனால் அந்த வரி முடிச்சை மட்டும் அவிழ்க்காமல், முடிச்சின் இரண்டு நுனியிலும் இருந்த ஆட்களையே அழித்தது. கிழவர் போனால் மகள் போவாள். மகளோடு அவள் மாமியார், மாமியாரோடு அவர் பெற்ற பிள்ளைகள். எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். எங்கோ சமைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள்.

"இன்னிக்கு யாரை நீக்கினாங்க?"

"டெய்லர் தாத்தாவை. போன மாசம் தவறிட்டாரே, நம்ம முதல் ஆளு."

டெய்லர் தாத்தாவுக்கு நாதி இல்லை. ஒரு உறவாவது இல்லாமல் பதிவு ஏறாது என்பதால், அன்று அக்கா தன் பெயரையே போட்டிருந்தாள். "அப்ப நான் உனக்குப் பெரியப்பா" என்று தாத்தா போனில் சிரித்தார்.

அக்கா தன் பெயரைத் தேடினாள். அப்படி யாரும் இல்லை என்றது திரை. அம்மாவின் பெயரை அடித்தாள். அப்படியும் யாரும் இல்லை.

"போன வாரம் எடுத்து வெச்ச பதிவோட காப்பியைத் திரும்ப ஏத்தச் சொல்லு. ஓடு."

"சொல்றேன்." தம்பி நகராமல் நின்றான். "இன்னொண்ணு அக்கா. தாத்தாவை நீக்கின கொஞ்ச நேரத்துலேர்ந்து ஒரு பட்டன் விட்டு விட்டு அடிக்குது. பேரில்ல, உறவில்ல. யாரைக் கூப்பிடறதுன்னு சிஸ்டத்துக்கே தெரியல. பழுதுன்னு நெனச்சு சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கேன்."

இருவரும் போன் அறைக்கு ஓடினார்கள். சுவரில் அந்தப் பட்டனுக்கான ஒரே ஒரு சிவப்பு விளக்கு, யாரோ மூச்சு விடுவதுபோல மெல்ல எரிந்து எரிந்து அணைந்தது. அக்கா அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா போனை மடியிலேயே வைத்திருப்பவள். முதல் மணி முடிவதற்குள் எடுத்து, "இப்பத்தான் நெனச்சேன்" என்பாள்.

மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

"அக்கா," என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடி. "விளக்கு நின்னுடுச்சு."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.