பாடத்துக்கு முன்னால் வந்த உரைகள்

மன்னார்ப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. பிள்ளை பிறந்து பிரசவ விடுப்பில் இருந்த நான், புலம்பெயர்ந்து வாழும் சில்க்போர்க் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் கேட்டதால் குசினியில் நின்று பாண் ரொட்டியை வெட்டிப் பின்னங்களைக் காட்டி வீடியோ எடுத்தேன். நடுவில் என் கைக்குழந்தை அழுதது. திரும்ப எடுக்கவேண்டுமோ என்று மூன்று தரம் போட்டுப் பார்த்து, அப்படியே சங்கத்துக்குக் கொடுத்தேன்.

சங்கத்தார் அதன் முன்னால் விளக்கேற்றல், தலைவரின் ஆசியுரை, செயலாளரின் வரவேற்புரை எல்லாம் சேர்த்து அனுப்பினார்கள். இவை இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு எதுவும் தொடங்காது. நானும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கூட அதிபர் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, இங்க சிக்னல் சரியான குறைவு. வந்த அளவுக்குப் போட்டம். விளக்கு எரிஞ்சுது, ஐயா ஒராள் கதைச்சார், அதோட நிண்டிட்டுது. பிள்ளையள் கைதட்டிப்போட்டு எழும்பிப் போயிட்டுதுகள்."

முதலில் வெட்கம் வந்தது, பிறகு கோபம். உரைகளை வெட்டி எறிந்தேன். பாடத்தை மூன்று சிறு துண்டுகளாக்கி, குழந்தையின் அழுகையோடு நானே அவருக்கு அனுப்பினேன். அன்றே மூன்றும் போய்ச் சேர்ந்தன.

செயலாளருக்குத் தெரியவந்து, தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, தலைவற்ற பேச்சையோ வெட்டினனீங்கள்?"

"ஓம் அண்ணை. உங்கட பேச்சையும்தான்."

"அப்பிடியெண்டா இனிச் சங்கத்தின்ர பேரில அனுப்பேலாது."

"பேர் ஒண்டும் வேண்டாம் அண்ணை. கணக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும்."

தொலைபேசியை வைத்தேன். மூத்தவரிடம் அளவுக்கு மீறிக் கதைத்துவிட்டேனோ என்று அன்று முழுக்க யோசித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடுத்த நாள் தசமங்களுக்கு வீடியோ எடுத்தேன்.