பிரித்துப் போட்ட கட்டில்கள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கும் என் மனைவி ருக்மணிக்கும் ஒரு சண்டை. காரணம் — இரண்டு இரும்புக் கட்டில்கள்.

பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி ரூமை, ஊரிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ரயில் ஏறும்வரை ஓரிரு நாள் முதுகு சாய்க்க ஓர் இடம். அவ்வளவுதான்.

அன்றைக்கு வரவிருந்தது ஒரு சின்னக் குடும்பம். கணவர் முத்தையா, கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் வேலை பார்க்கிறவர். கல்யாணம் ஆன கையோடு மலாயாவுக்கு வந்துவிட்டார். மனைவி செல்லம்மாவை இப்போதுதான் அழைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இடையில் ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கும் ஐந்து வயதாகிவிட்டது. பெயர் வள்ளி. அந்த மகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை!

"புருஷன் பொண்டாட்டி வர்றாங்க. கட்டில் ரெண்டையும் சேர்த்துப் போட்டுடலாம்" என்றேன். நியாயம்தானே?

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த ருக்மணி நிமிரவே இல்லை. "பிரிச்சே போடுங்க. சேக்கறது அவங்க வேல."

சன்னலோரம் ஒன்று, சுவரோரம் ஒன்று. சண்டையில் யார் ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை.

அவள் படுக்கை போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும்! மெத்தையை வெயிலில் போட்டுப் பிரம்பால் அடித்து, மூட்டைப்பூச்சி ஏறாமல் கட்டில் கால்களுக்கு மண்ணெண்ணெய் தடவி, டோபி வெளுத்துக் கொடுத்த வெள்ளை விரிப்பை உதறிப் போட்டு... கடைசியில் உள்ளங்கையால் நீளமாக ஒரு தடவல். எங்காவது ஒரு சுருக்கம் தட்டுப்பட்டதா? மறுபடி முதலிலிருந்து.

"ரெண்டு நாளைக்கு இவ்வளவு வேணுமா?"

"கப்பல்ல கட்டாந்தரையில படுத்து வர்றவளுக்கு வேணும்."

மத்தியானம் முத்தையா துறைமுகத்திலிருந்து தாயையும் மகளையும் அழைத்து வந்தார். நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் நிறுத்திவைத்து, அப்புறம்தான் பினாங்குக்கு விட்டிருக்கிறார்கள். செல்லம்மாவின் புடவையில் மருந்து வாடை. கட்டில் பக்கத்தில் நின்றாளே தவிர, அதைத் தொடக்கூட இல்லை.

"அக்கா... பாய் இருந்தா குடுங்க. இதுல அழுக்குப் பட்டுரும்."

ருக்மணி, அடுப்படி ஈரமும் மஞ்சள் கறையுமாக இருந்த தன் சேலையோடு அந்த வெள்ளை விரிப்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இந்தா, அழுக்காயிருச்சு. படுத்துக்கம்மா."

செல்லம்மா படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பாவம், முத்தையாவின் பாடுதான் பெரும்பாடு. ஆசையாகக் கை நீட்டினால், வள்ளி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள். "இவரு மேல பொக நாத்தம்!" என்கிறாள்.

மனிதர் கீழே வந்தார். "அக்கா, சவுக்காரம் இருக்குங்களா?" குளித்துவிட்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். மறுபடி குளியல். அதற்குப் பிறகும் ஒரு முறை வாளியைத் தூக்கினார்... எனக்கே பொறுக்கவில்லை.

"போதும்லா தம்பி, தோல் உரிஞ்சிரும்!"

"அந்தப் பொகைக்குள்ளயே நிக்கிறேன்ண்ணே. உள்ளயே ஊறிடுச்சு போல" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பெற்ற பிள்ளைக்கு அப்பனை எப்படி அறிமுகம் செய்துவைப்பது? எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

மறுநாள் காலை. மாடியில் தொம் தொம்மென்று சத்தம். கூடவே ஒரு கிறீச்சல். நானும் ருக்மணியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

கதவு திறந்தே இருந்தது. ரூம் முழுக்க இலவம்பஞ்சு! தரையில், கொசுவலையில், காற்றில்... விஷயம் இதுதான். வள்ளி தலையணையால் அப்பாவை ஒரு சாத்து சாத்தியிருக்கிறாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். இவரும் இழுத்தார். தையல் என்ன செய்யும்?

முத்தையா தரையில் உட்கார்ந்திருந்தார். மீசையெல்லாம் பஞ்சு. அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த வள்ளி, காதுக்குள் போன பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "தாத்தா மாதிரி ஆயிட்டீங்கப்பா!"

அப்பா!

அந்த மனிதரின் முகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். "மன்னிச்சிருங்கக்கா..." என்று முத்தையா எழப் பார்த்தார்.

ஒரு சுருக்கத்தைக்கூடப் பொறுக்காதவள் ஆயிற்றே என் மனைவி! என்ன சொல்லப் போகிறாள்?

ருக்மணி குனிந்தாள். ஒரு கை பஞ்சை அள்ளினாள். வள்ளியின் தலையில் கொட்டினாள். "ஒனக்கு மட்டும் நரைக்கவே இல்லயே!"

பிறகென்ன? ஐந்து பேரும் முட்டி போட்டுப் பஞ்சு பொறுக்கினோம். செல்லம்மாவே ஊசி நூல் கேட்டு வாங்கி, உறையைத் தைத்து மூட்டினாள். நெருக்கமான, அழுத்தமான தையல்.

அடுத்த நாள் காலை ரயில் ஏற, ஃபெரியில் எதிர்க்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். அப்பாவின் தோள்மேல் வள்ளி. தெரு திரும்பும்வரை எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாள்.

விரிப்புகளை எடுக்க மாடிக்குப் போனோம். சன்னலோரம் இரண்டு கட்டில்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. ருக்மணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன்.

வாடகைக்கு ரூம் விடுகிறோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம், ஒரு குடும்பமாக ஆனது எங்கள் கூரைக்குக் கீழே. அதைப் பார்க்கக் கொடுத்து வைத்ததே... அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல? முத்தையாவுக்கா, அந்தச் சின்னப் பெண்ணுக்கா, சுருக்கமில்லாமல் விரிப்புப் போடுகிறவளுக்கா? எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதும்போதுகூடப் பேனா முனையில் ஒரு துளி பஞ்சு... இருந்துவிட்டுப் போகட்டும்!