செயற்கைக்கோள் படத்தில் பத்தொன்பதாம் பிளாக்

ஓய்வு பெற்றவன் குவார்ட்டர்ஸை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி உண்டு. அந்த விதிக்கு மூன்று விலக்குகள் உண்டு: பிள்ளைகளின் பரீட்சை, தொடர் மருத்துவச் சிகிச்சை, நிறுவனத்தின் நலன். நெய்வேலி நகரிய நிர்வாகத்தில், வீடு ஒதுக்கும் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். எத்தனையோ பேரின் நீட்டிப்பு மனுவை நானே நிராகரித்திருக்கிறேன். சிலர் என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள். அழுகைக்கு விதியில் பிரிவு இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் முறை வந்தது. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். பரீட்சை எழுத வீட்டில் பிள்ளை இல்லை. என் உடம்பு, துரதிர்ஷ்டவசமாக, நன்றாக இருந்தது. மனைவி நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனாள். அவள் நோயோடாவது இருந்திருந்தால் இரண்டாவது விலக்கு கிடைத்திருக்கும். இல்லாமல் போனவர்களை வைத்து எந்த விலக்கும் கேட்க முடியாது.

அந்த வீட்டைவிட்டுப் போக எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். அதை மனுவில் எழுத முடியாது. அங்கே இருந்து பெரிதாக என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. காலையில் பால் பூத்தில் "ஒண்ணா, ரெண்டா சார்?" என்று கேட்பார்கள். "ஒண்ணு" என்பேன். பல நாட்களில் அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுவாகவே இருக்கும். தொண்டையிலிருந்து வரும்போது துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தத்தோடு வரும்.

அப்படி இருந்த நாளில்தான் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். விண்வெளித் துறையிலிருந்து ஒரு கண்காட்சி வருகிறது, ஐந்து நாள், பள்ளிக்கூடக் கலையரங்கில் வைக்கிறோம், நின்று விளக்கம் சொல்லப் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார். வேலையில் இருப்பவர்களுக்கு ஷிப்ட் இருக்கிறது, உங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே என்றும் சொன்னார். உண்மையைச் சொன்னவர் மேல் கோபப்படக் கூடாது. ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஒரு கடிதம் மட்டும் கேட்டேன்: 'இன்னாரின் சேவை கண்காட்சிக்கும் அதைத் தொடர்ந்த அறிவியல் பணிகளுக்கும் இன்றியமையாதது.' வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அதை இணைத்து, மூன்றாவது விலக்கின் கீழ், வீட்டை நீட்டித்துத் தரும்படி மனுப் போட்டேன். அப்படி ஒரு மனு வேறு யாரிடமிருந்தாவது என் மேஜைக்கு வந்திருந்தால் சிரித்திருப்பேன்.

கண்காட்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு ராக்கெட் மாடல் இருந்தது. தங்க நிறத் தாள் சுற்றிய செயற்கைக்கோள் மாடல் ஒன்று இருந்தது. ஒரு சுவர் முழுக்க, பிளைவுட்டில் ஒட்டிய பெரிய படம் ஒன்றும் இருந்தது. வானத்திலிருந்து எடுத்த எங்கள் ஊர். கூடவே வந்த இளம் பெண் விஞ்ஞானி, எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். கோள் பூமியைச் சுற்றி வருகிறது, சில வாரங்களுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு மேலே, அதே முற்பகல் நேரத்துக்கு வருகிறது, படம் எடுத்துக்கொண்டு போகிறது. யாரோடும் பேசாமல், ஒரு நாள்கூட லீவு போடாமல் நேரத்துக்கு வரும் அந்தப் பொருளின் மேல் எனக்கு உடனே மரியாதை உண்டாயிற்று. "உங்க வீடு தெரியுதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். அவ்ளோ துல்லியம் கிடையாது. ஒரு புள்ளின்னா பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு வீடு" என்றாள். தட்டச்சு செய்த குறிப்புகளை என்னிடம் கொடுத்துவிட்டு அன்றே அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் மைன்ஸில் இருந்து ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் ராக்கெட்டைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் இது எவ்வளவு எடையைத் தூக்கும் என்று கேட்டார். குறிப்பைப் பார்த்துச் சொன்னேன்.

"அவ்ளோதானா? நம்ம மிஷினு அதை ஒரே வாயில அள்ளிப் போட்டுடும் சார்."

நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரத்தோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களிடம் ராக்கெட்டைக் காட்டிப் பெருமை பேச முடியாது என்று புரிந்தது.

பிறகு அவர்கள் படத்துக்கு வந்தார்கள். படத்தில் சுரங்கம் சாம்பல் நீலமாக இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நகரியம் முழுவதும், பிளாக் பிளாக்காக, ரத்தச் சிவப்பாக இருந்தது. இந்த ஊரில் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கள் கரி, காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கிற ஜாதி. குவித்து வைத்த இடத்தில் உள்ளுக்குள் கனன்று, யாரும் பார்க்காத நேரத்தில் வெளியே வரும். எங்களுக்குக் கீழே கரி எரிகிறது, கோள் கண்டுபிடித்துவிட்டது, நிர்வாகம் மறைக்கிறது என்று யாரோ ஒருவர் முடிவு கட்டினார். நான் குறிப்பில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே இன்னொருவர் வெளியே போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார்.

வண்டி வந்தது. வரத்தான் வேண்டும், அழைப்பு வந்தால் புறப்பட்டே ஆக வேண்டும் என்பது விதி. அதிகாரி ஹெல்மெட்டோடு உள்ளே வந்து, படத்தின் முன் நின்று, நிதானமாகப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுது" என்றேன்.

"அப்ப அணைஞ்சிருக்கும்ங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. இலைகள், நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, கோளின் கருவிக்கு அது தெரியும், நமக்குக் காட்டுவதற்காக அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறார்கள், எங்கே மரம் செழிப்போ அங்கே சிவப்பு அதிகம் என்று விளக்கினேன். அதிகாரி தலையாட்டினார். பதிவேட்டை நீட்டி, 'நல்லெண்ணத்தோடு செய்த தவறான அழைப்பு' என்ற இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். ஒழுங்கான மனிதர்.

தீ இல்லை என்றானதும் அதே சிவப்பு பெருமையாகிவிட்டது. எந்த பிளாக் அதிகச் சிவப்பு என்று சண்டை நடந்தது. ஒரு பெண்மணி தன் பிளாக்கைத் தேடிப் பிடித்து, தெருவை விரலால் எண்ணி, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்கே ஒட்டிவிட்டார். தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்குள் நாலு பொட்டு ஏறிவிட்டது. பொட்டு வைக்காத கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்று கேட்டு வாங்கி ஒட்டினார்கள். சிவப்பில் சிவப்புத் தெரியவில்லை என்று மறுநாள் ஒருவர் கறுப்புப் பொட்டு அட்டையே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒரு புள்ளி என்பது நாலைந்து வீடு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "பரவால்ல சார், அதுல ஒண்ணு எங்களுதுதானே" என்றார்கள். இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை.

அந்த நாட்களில் அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் பேசியதைவிட அதிகம் பேசினேன். குரல் கட்டிப்போனது. வீட்டுக்கு வந்து தனியாக வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும்போது ஒருவிதத் திருப்தி இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் பழைய உதவியாளர் தன் மனைவி, குழந்தைகளோடு வந்தார். அவர்களை ராக்கெட் பக்கம் அனுப்பிவிட்டு, என்னருகே வந்து நின்று, படத்தைப் பார்ப்பதுபோலவே பேசினார்.

"சார், உங்க ஃபைலு எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும்."

"நீங்க எழுதின நோட்டுதான் சார் குறுக்கால நிக்குது."

அதுவும் தெரியும். பல வருஷம் முன்பு ஒரு வாலிபால் பயிற்சியாளர் இதே மூன்றாவது விலக்கைக் கேட்டபோது, 'பொழுதுபோக்கு நடவடிக்கைகள் நிறுவனத்தின் நலன் ஆகா' என்று நான் எழுதிய குறிப்பு. மேலே எல்லாரும் பாராட்டினார்கள். அன்றிலிருந்து அதுவே முன்னுதாரணம்.

"ரிஜெக்ட்னு போட எனக்குக் கை வரல சார். ஃபைலை அடியில வச்சிடறேன். ஆறு மாசம் ஒருத்தரும் தேட மாட்டாங்க. அதுக்குள்ள வேற எதாவது வழி பாத்துக்கலாம்."

தேடினால் அவருக்குக் குற்றச்சாட்டு மெமோ வரும். அந்த மெமோவின் படிவத்தைக்கூட எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் கூட்டம் இல்லை. முதல் முறையாகப் படத்தின் மூலையில் அச்சிட்டிருந்த தேதியை நிதானமாகப் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வேலை நாள். முற்பகல். நான் அலுவலகத்தில் யாருடைய மனுவையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த நேரத்தில் என் மனைவி துணி துவைத்து முடித்து, பின்பக்கக் கொடியில் உலர்த்துவாள். பத்தொன்பதாம் பிளாக்கை எடுத்து, தெருவை எண்ணி, எங்கள் வீடு இருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்தேன். நாலைந்து வீட்டுக்கு ஒரு புள்ளி. அதில் ஒரு வீட்டின் பின்னால் அவள் நின்றிருக்கிறாள். கோள் மேலே வந்து, பார்த்து, போய்விட்டது. நான் பொட்டு எதுவும் ஒட்டவில்லை. யாராவது உள்ளே வந்தால் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்பதற்காக, மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி நாள், மூடுவதற்குச் சற்று முன், ஒரு பெண் சிறு மகளோடு வந்தாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். ராக்கெட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. இங்கே வீடு கண்டுபிடித்துக் காட்டுகிறார்களாமே என்றாள். எந்த பிளாக் என்று கேட்டேன். பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

வீடு ஒதுக்கீட்டு ஆணை. வாசகம் நான் எழுதியது, வருஷக்கணக்காக மாறவில்லை. 'தற்போது குடியிருப்பவர் காலி செய்ததும்' என்ற வரிக்குக் கீழே என் வீட்டு எண் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு ஒம்போது வருஷம் காண்ட்ராக்ட்ல இருந்தாருங்க. இப்பத்தான் பர்மனென்ட் ஆச்சு. காலைல ஷிப்டுன்னா இருட்டோட எழுந்து ஓடிக்கினு இருக்காரு. பொண்ணை இங்க இஸ்கூல்ல சேக்கணும். வூடு எங்களுதுன்னு பேரு, ஆனா உள்ள போவ முடியல."

"ஏன்?"

"யாரோ ரிட்டயர் ஆனவராம்ங்க. ஒண்டியா இருக்காராம். காலி பண்ணாம உக்காந்துக்கினு இருக்காருங்க."

சொன்னதில் தகவல் பிழை ஏதும் இல்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதற்குள் அட்டையிலிருந்து ஒரு பொட்டைக் கிள்ளி எடுத்து, சிறுமியைத் தூக்கி அவள் கையால் ஒட்டவைத்தாள். ஒட்டியது இரண்டு தெரு தள்ளி. அப்படியே விட்டிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. தவறான பதிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. அந்தப் பொட்டை எடுத்து, சரியான புள்ளியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன்.

"இதுவாங்க? நல்லா செவப்பாத்தான் இருக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு எப்ப காலி பண்ணுவாருன்னு யாரைக் கேட்டா தெரியும் சார்?" என்றாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள பண்ணிடுவார்."

"நெசமாவா? உங்களுக்கு அவரைத் தெரியுங்களா?"

"ஆபீஸ்ல பழக்கம்" என்றேன்.

மறுநாள் காலை நகரிய நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார், நான் உட்காரவில்லை. உதவியாளரிடம் அடியில் இருக்கும் ஃபைலை எடுக்கச் சொன்னேன். எதற்கு சார் என்று அவர் இரண்டு முறை கேட்டார். மனுவின் குறுக்கே 'திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதித் தேதி போட்டேன். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, நிம்மதியும் இருந்தது. வீட்டிலுள்ள நிறுவனச் சாமான்களைச் சரிபார்க்க ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். "நீங்க சொல்ற நேரத்துக்கு வரச் சொல்றேன் சார்" என்றார். அப்படி நேரம் கேட்டுப் போகும் வழக்கம் என் காலத்தில் இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். வருகிறேன் என்று சொன்னதும் சந்தோஷப்பட்டாள், சந்தேகமில்லை. பிள்ளைகளின் அறையை ஒழித்துத் தருகிறேன் என்றாள். பிறகு, "எத்தனை நாள் இருப்பீங்கப்பா?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் குக்கர் சத்தம் கேட்டது. அதற்கு என்ன விதி என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்து சொல்றேம்மா" என்றேன்.