சூட்டில் நடுங்கிய அணுக்கள்

அலுமினியத்தில் குறை தேடுவதுதான் தர்மிளாவின் வேலை. தெஹியோவிட்டவுக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி; வேலை செய்வது பெரும்பாலும் லயத்திலிருந்தே. நிஜ அலுமினியத்தை அவள் தொடுவதே இல்லை. கணினிக்குள் லட்சக்கணக்கான அணுக்களை அடுக்கி, சூடேற்றி, இழுத்துப் பார்ப்பாள். ஒழுங்காக அடுக்கிய அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் முறையாக நிற்கும். அப்படி நிற்பதைக் கணினி பச்சையாகக் காட்டும், மற்றதை வெள்ளையாக. அந்த வெள்ளைதான் இவளுக்குப் பிழைப்பு.

இரண்டு வருஷம் மாரடித்த பிறகு வெள்ளைத் திட்டுகள் நிறையத் தெரிந்தன. உலோகம் உடையத் தொடங்குவது இங்கேதான் என்று கட்டுரை எழுதினாள். கொழும்பில் ஒரு மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துத்தான் பட்டம்.

அப்போதுதான், பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த ஒரு நாள், அவளுடைய பேராசிரியர் குமாரவேல் கேட்டார்.

"எண்ணுறதுக்கு முன்னுக்கு அணுக்களக் குளிர வெச்சீங்களா, தர்மிளா?"

வைக்கவில்லை. சூட்டில் எல்லா அணுவும் நடுங்கும். நடுங்குவதையும் கணினி குறை என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையான குறை குளிர்ந்த பிறகும் நிற்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் லயத்தில் சிக்னல் இல்லை. பல்கலைக்கழகக் கணினிக்கு ஒரு வேலை அனுப்பவும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் வரை ஏற வேண்டும். ஒரு ஏற்றம் குறையட்டும் என்று விட்டுவிட்டாள். சோம்பல் என்பவர்கள் ஒருமுறை மழையில் ஏறிப் பார்க்கட்டும்.

மறுநாள் ஏறினாள். குளிர வைத்துப் பார்த்தாள். முழுக்கப் பச்சை. கட்டுரையில் எழுதிய வெள்ளையெல்லாம் வெறும் நடுக்கம்.

இறங்கி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அலுப்பில் அழக்கூட வரவில்லை. ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா ஜீவராணி வாளியை வைத்தாள்.

"என்னா புள்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"ஒரு கொறையும் இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு."

"அதுக்கா இப்பிடி குந்தியிருக்க?"

ஜீவராணி வெட்டும் மரங்களில் காயம் தேடிக்கொண்டு தினமும் தோட்டத்து மேற்பார்வை ஐயா வருவார். பட்டையில் கத்தி ஆழமாக இறங்கியிருந்தால் ஏச்சு. ஒன்றும் சொல்லாமல் அவர் போகிற நாளில் அவள் கோயிலில் சூடம் ஏற்றுவாள்.

"இன்னிக்கி ஐயா எனக்கும் ஒன்னும் சொல்லல. ஒனக்கும் சேத்து ஏத்திட்டு வாறேன்" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கட்டுரையைத் திருப்பி எடுக்கச் சொல்லி எழுத வேண்டும். அதை அனுப்ப மறுபடியும் ஏற வேண்டும். தர்மிளா மடிக்கணினியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அம்மா வந்து நெற்றியில் திருநீறு பூசினாள்.

"எப்பவும் இப்பிடியே ஒரு கொறையும் இல்லாம வரணும், சாமி."

தர்மிளாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.